ஆறாம் தேதி முதல் பாடவேளை

விக்கிரமசிங்கபுரம்
14.10.2024

பேராசிரியர் குமரகுருபரன் அவர்களுக்கு,

ஸ்தோத்திரம். நான் உங்கள் துறையில் சினிமாப் பாடம் படித்த மூன்றாம் ஆண்டு மாணவி கிறிஸ்டியின் தகப்பன் இஸ்ரவேல். அடக்க ஆராதனைக்கு நீங்கள் வந்தீர்கள். கல்லறைத் தோட்டத்து வாசலோடு நின்று திரும்பிப் போனதையும் பார்த்தேன். அதன் பிறகு ஒன்பது தடவை போன் செய்தேன். நீங்கள் எடுக்கவில்லை, அதனால் எழுதுகிறேன். எழுத்தில் கேட்டால் எழுத்தில்தான் பதில் சொல்லியாக வேண்டும் என்பது நான் வேலையில் பழகிய வழக்கம்.

கேட்க வேண்டியது ஒன்றுதான். ஆகஸ்ட் ஆறாம் தேதி செவ்வாய்க்கிழமை காலை ஐந்து மணிக்கு, பாளையங்கோட்டையில் அவள் சித்தி வீட்டிலிருந்து எனக்குப் போன் செய்தாள். "எப்பா, சார் வண்டி வந்துட்டு. ஸ்ரீவைகுண்டத்துக்குப் போறோம். இன்னைக்கும் நாந்தான் சத்தம் பிடிக்கேன்" என்றாள். ஒலிப்பதிவை அவள் அப்படித்தான் சொல்வாள். அன்று பன்னிரண்டு மணிக்குள் அவளை அணைக்கட்டுக்குக் கீழே கால்வாய் மதகில் எடுத்தார்கள். கல்லூரி காவல் நிலையத்துக்குக் கொடுத்த கடிதத்தில் "மாணவி அன்று முதல் பாடவேளை முதலே வகுப்புக்கு வரவில்லை, கல்லூரிக்கும் இதற்கும் தொடர்பில்லை" என்று இருக்கிறது. அதை வைத்து, குளிக்கப் போனவள் தவறி விழுந்தாள் என்று எழுதி முடித்துவிட்டார்கள்.

எங்கள் சபையில் இப்போது என்ன பேசுகிறார்கள் தெரியுமா? கிளாஸைக் கட் அடித்துவிட்டு சுஜின் என்ற பையனோடு ஆற்றுக்குப் போனாளாம். அவள் அம்மா எட்டு வாரமாகக் கோயிலுக்கு வரவில்லை. குளிக்கப் போகிறவள் கழுத்தில் கல்லூரி அடையாள அட்டையை மாட்டிக்கொண்டா குளிப்பாள்?

என் மகள் அன்று உங்கள் படவேலைக்கு வந்திருந்தாள் என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். வேறு எதுவும் நான் கேட்கவில்லை.

இஸ்ரவேல்


பாளையங்கோட்டை
29.10.2024

மதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் கடிதம் கிடைத்தது. கிறிஸ்டியின் மறைவு எங்கள் துறைக்கு ஈடுசெய்ய இயலாத இழப்பு. அவர் மிகுந்த திறமையும் பணிவும் கொண்ட மாணவி.

தாங்கள் குறிப்பிடும் நாளில் என் தனிப்பட்ட படத்தின் படப்பிடிப்பு காலை எட்டே முக்கால் மணிக்கே முடிந்துவிட்டது. அதில் பங்கேற்ற மாணவர்கள் தம் விருப்பத்தின் பேரில் வந்தவர்கள். பணி முடிந்ததும் அனைவரும் கல்லூரிக்குத் திரும்புமாறு அறிவுறுத்தப்பட்டனர். அதன் பின் நிகழ்ந்தவை குறித்து எனக்கு நேரடியாக எதுவும் தெரியாது. வருகைப் பதிவேடு கல்லூரியின் ஆவணம் என்பதால் அதுபற்றி நான் எழுத்தில் எதுவும் கூற இயலாத நிலையில் இருக்கிறேன்.

ஆண்டுதோறும் சிறந்த ஒலிப்பதிவு செய்யும் மாணவருக்குக் கிறிஸ்டியின் பெயரில் ஒரு விருது வழங்கத் துறை முடிவு செய்துள்ளது. முதல் விருதைத் தாங்களும் தங்கள் துணைவியாரும் வந்து வழங்க வேண்டுமென அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
முனைவர் ப. குமரகுருபரன்


விக்கிரமசிங்கபுரம்
12.11.2024

பேராசிரியருக்கு,

தட்டச்சில் வந்த உங்கள் கடிதத்தை அவள் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "அறிவுறுத்தப்பட்டனர்னா யாரு சொன்னா, யாருகிட்ட சொன்னா?" என்று கேட்டாள்.

நான் யார் என்று உங்களுக்குத் தெரியாது போலிருக்கிறது. நான் வேலை பார்த்தது எங்கள் ஊர்ப் பெரிய மில்லில் இல்லை. கிழக்கே ஒரு சின்ன நூற்பு மில், இப்போது மூடிக் கிடக்கிறது. அதில் டைம் ஆபீஸ் கிளார்க்காக முப்பத்தோரு வருஷம் இருந்தவன். யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தான், எத்தனை மணிக்கு வெளியே போனான் என்று எழுதுவதுதான் என் பிழைப்பு. வருகைப் பதிவேட்டைப் பற்றி என்னிடம் யாரும் கதை விட முடியாது.

காவல் நிலையக் கோப்பில் இருந்த உங்கள் பதிவேட்டின் நகலைப் பார்த்தேன். உங்கள் வழக்கம் எனக்குப் புரிந்துவிட்டது. வந்தவர்களுக்கு ஒரு சாய்கோடு, வராதவர்களுக்கு ஆங்கில ஏ எழுத்து. அந்தப் பக்கத்தில் உள்ள மற்ற ஏக்கள் எல்லாம் சின்னதாகக் கட்டத்துக்குள் அடங்கி இருக்கின்றன. என் மகளுக்குப் போட்டதில் மட்டும் இடது கால் நீண்டு கட்டத்தைத் தாண்டி இறங்குகிறது, வந்தவர்களின் சாய்கோடு இறங்குகிற மாதிரியே. முதலில் அவளுக்குச் சாய்கோடு போட்டிருக்கிறீர்கள். பிறகு இன்னும் இரண்டு கோடு சேர்த்து அவளை வராதவளாக ஆக்கியிருக்கிறீர்கள். ஆற்றில் கிடந்த பிள்ளைக்கு வகுப்பில் வருகை போட்டது ஏன்? போட்டதை மாற்றியது ஏன்?

இன்னொன்று. காவல் நிலையத்தில் அவளுடைய செருப்பு, பை, தண்ணீர் பாட்டில் மூன்றும் எனக்குக் கொடுத்தார்கள். நான் வாங்கித் தந்த கறுப்பு ஹெட்போன் அதில் இல்லை. சத்தம் பிடிக்கப் போகும்போது அதைக் கழுத்தில் மாட்டாமல் அவள் வீட்டுப் படி இறங்கமாட்டாள்.

விருது வேண்டாம். இருக்கிற பேரைக் கெடுத்துவிட்டு அதை வைத்து விருது கொடுப்பீர்களா?

இஸ்ரவேல்


பாளையங்கோட்டை
5.1.2025

இஸ்ரவேல் அண்ணாச்சிக்கு,

இதைக் கையால் எழுதுகிறேன். வாசித்ததும் கிழித்துவிடுங்கள்.

நீங்கள் சொன்னது சரி. முதலில் சாய்கோடுதான் போட்டேன்.

என் நிலைமையைச் சொல்கிறேன், நியாயம் பேசுவதாக நினைக்காதீர்கள். பன்னிரண்டு வருஷமாகப் பாடம் எடுக்கிறேன். நான்கு வருஷமாக ஒரே படத்தை எடுத்துக்கொண்டிருக்கிறேன். தயாரிப்பாளர் கிடையாது, நட்சத்திரம் கிடையாது. செவ்வாயும் வியாழனும் காலை ஆறு மணியிலிருந்து எட்டே முக்கால் வரை ஆற்றங்கரையில் இயக்குநர். ஒன்பதே முக்காலுக்குக் கல்லூரியில் கைரேகை வைத்துவிட்டு வாத்தியார். கல்லூரியில் என்னைச் சினிமாக்காரன் என்பார்கள், சினிமாக்காரர்கள் வாத்தியார் என்பார்கள். இரண்டு பக்கமும் பாதி ஆளாகவே இருந்து சலித்துவிட்டது.

மாணவர்களுக்குச் சம்பளம் கொடுக்க என்னால் முடியாது. அதனால் ஒரு ஏற்பாடு வைத்திருந்தேன். படத்துக்கு வருகிறவர்களுக்கு முதல் பாடவேளை வருகையை நானே போட்டுவிடுவேன். முறையாக ஆன்டூட்டி படிவம் கொடுத்தால் கல்லூரி வேலையா சொந்த வேலையா என்று கேட்பார்கள். அதனால் கொடுத்ததில்லை. பிள்ளைகளுக்கும் இது பிடித்திருந்தது. வகுப்பைவிட அங்கேதான் கற்றுக்கொள்கிறோம் என்று அவர்களே சொல்வார்கள். அதை நானும் நம்பினேன், இன்றும் பாதி நம்புகிறேன்.

அன்று எட்டே முக்காலுக்குக் காட்சி முடிந்தது. ஆற்றின் சத்தம் மட்டும் தனியாக முப்பது நிமிஷம் தேவைப்பட்டது. கிறிஸ்டிக்குத் துணையாக சுஜினை நிறுத்தியிருக்க வேண்டும். கேமராவைத் தூக்க ஆள் இல்லாததால் அவனை என் வண்டியில் ஏற்றிக்கொண்டேன். அவளிடம், "நீ பையப் பைய முடிச்சிட்டு பஸ்ஸுல வா. அட்டெண்டன்ஸ நான் பாத்துக்கிடுதேன்" என்றேன். பத்து மணிக்கு வகுப்பில் அவள் பெயருக்கு நேரே கோடு போட்டேன். பன்னிரண்டுக்கு முன்னால் போன் வந்தது. மாலை நாலு மணிக்கு மேலிடத்தில் கூப்பிட்டுப் பதிவேட்டை என் முன்னால் வைத்தார்கள். "சார், வேலையும் வேணும், படமும் வேணும்னா இதுதான் வழி" என்றார்கள். என் பேனாவாலேயே மாற்றினேன்.

படம் முடியும் கட்டத்தில் இருக்கிறது. ஒரு நல்ல திரைப்பட விழாவிலிருந்து கேட்டிருக்கிறார்கள். இப்போது இது வெளியே வந்தால் நான்கு வருஷமும் போய்விடும், கிறிஸ்டியின் உழைப்பும் அதோடு போய்விடும். படம் வெளிவந்த பிறகு நானே வந்து எல்லாவற்றையும் சொல்கிறேன். ஆறு மாதம் பொறுத்துக்கொள்ளுங்கள் அண்ணாச்சி. ஹெட்போனைப் பற்றி எனக்குத் தெரியாது. ஆறு கொண்டுபோயிருக்கலாம்.

குமரகுருபரன்


விக்கிரமசிங்கபுரம்
28.4.2025

குமரகுருபரன் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை நான் கிழிக்கவில்லை.

சனிக்கிழமை பாளையங்கோட்டையில் உங்கள் படத்தைப் போட்டுக் காட்டினீர்கள் அல்லவா, நான் கடைசி வரிசையில் இருந்தேன். அவள் அம்மா வரமாட்டேன் என்றுவிட்டாள். எனக்குப் படம் பார்க்கத் தெரியாது. ஆனாலும் கடைசியில் அந்தப் பொம்பளை கரையில் உட்கார்ந்திருக்க, யாரும் பேசாமல் ஆறு மட்டும் ஓடுகிறதே, அப்போது அரங்கத்தில் ஒரு ஆள்கூட இருமவில்லை. பிறகு "கிறிஸ்டியின் நினைவுக்கு" என்று எழுத்துப் போட்டீர்கள். கை தட்டினார்கள். எனக்கு எழுந்து போய் உங்கள் சட்டையைப் பிடிக்க வேண்டும் போல இருந்தது. வயதும் பழக்கமும் விடவில்லை.

எனக்கு முன்வரிசையில் ஒரு பையன் அந்த ஆற்றுச் சத்தம் வந்ததும் காதைப் பொத்திக்கொண்டு குனிந்துவிட்டான். வெளியே வந்து பார்த்தால் சுஜின். தேர்வு எல்லாம் முடிந்துவிட்டதாம், இனி உங்கள் கையில் அவனுக்கு மார்க் இல்லையாம். அந்தத் தைரியத்தில் பேசினான். "மாமா, அந்தச் சத்தம் அன்னைக்குக் கிறிஸ்டி பிடிச்சதுதான். ரெக்கார்டர சார் எடுத்துட்டாரு. நாந்தான் வண்டியில வச்சேன்" என்று சொல்லி, நின்ற இடத்திலேயே அழுதான். இவனோடுதான் அவள் ஓடிப்போனாள் என்று எங்கள் சபையே பேசியது. அவனை நான் திட்டவில்லை. எட்டு மாதம் தாமதம்தான், ஆனாலும் வந்து சொன்னான்.

அவன் இன்னொன்றும் சொன்னான். சத்தம் பிடிக்கிறவர் ஒவ்வொரு தடவையும் ஆரம்பத்தில் தேதி, நேரம், இடம், என்ன சத்தம், பிடிப்பது யார் என்று தன் குரலில் சொல்லிவிட்டுத்தான் பிடிக்க வேண்டுமாம். அப்படிச் சொல்லாமல் வந்தால் நீங்கள் திருப்பி அனுப்பிவிடுவீர்களாம். படத்தில் சேர்க்கும்போது அந்தக் குரலை வெட்டிவிட்டுச் சத்தத்தை மட்டும் எடுத்துக்கொள்வீர்களாம். அப்படியானால் என் மகள் எங்கே, எத்தனை மணிக்கு, யாருடைய வேலையாக இருந்தாள் என்று அவளே சொன்ன சாட்சி இத்தனை நாளும் உங்கள் மேசையில் இருந்திருக்கிறது. நான் ஒரு வரி கேட்டேன். அவள் முழுதாகவே சொல்லி வைத்திருந்தாள். அதை நீங்கள் வெட்டினீர்கள்.

உங்களைத் திட்டி ஒரு கடிதம் எழுதி, கிழித்துப் போட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். கிழித்ததற்குக் காரணம் உண்டு. 1998இல் எங்கள் மில்லில் ஷேக் மைதீன் என்ற ஆளின் கை மிஷினில் போய்விட்டது. இரவு ஷிப்டில் ஆள் குறைவு, மூடி கழன்ற மிஷினில் அவனைத் தள்ளியிருந்தார்கள். காலையில் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். நான் பதிவேட்டில் அவனை வராதவனாக ஆக்கினேன். வேலையில்லாத நேரத்தில் தானாக உள்ளே நுழைந்து கையைவிட்டான் என்று ஆகிவிட்டது. அவன் பெண்சாதி ஹமீது பீவி டைம் ஆபீஸ் ஜன்னலில் வந்து நின்று கேட்டாள். "பதிவுல இல்லியேம்மா" என்றேன். அப்போது கிறிஸ்டி பிறக்கவில்லை. உங்கள் பதிவேட்டில் அந்த ஏயின் நீண்ட இடது காலை நான் எப்படி உடனே கண்டுபிடித்தேன் என்று இப்போது தெரிகிறதா?

ஆகவே நான் சுத்தமான ஆள் என்ற தைரியத்தில் இதைக் கேட்கவில்லை. அவள் தகப்பன் என்பதால் கேட்கிறேன். நீங்கள் வெட்டியதைக் கொடுங்கள்.

இஸ்ரவேல்


பாளையங்கோட்டை
19.5.2025

அண்ணாச்சிக்கு,

இந்தப் பொட்டலத்தில் ஒரு பென்டிரைவும் கறுப்பு ஹெட்போனும் இருக்கின்றன. ஆமாம், அதிலும் பொய் சொன்னேன்.

பதிவு மூன்று மணி நாற்பத்தேழு நிமிஷம் ஓடுகிறது. ஒரு நொடிகூட வெட்டவில்லை. நீங்கள் கேட்பதற்கு முன்னால் அதில் என்ன இருக்கிறது என்று நான் சொல்லியாக வேண்டும். தெரியாமல் கேட்டால் உங்களால் தாங்க முடியாது.

ஒன்பது மணி ஐந்து நிமிஷத்துக்கு அவள் குரல். பிறகு ஆறு. இருபதாவது நிமிஷத்திலிருந்து தண்ணீரின் சத்தம் தடிக்கிறது. மேலே எங்கோ திறந்துவிட்ட தண்ணீர். இருபத்திரண்டாவது நிமிஷத்தில், தண்ணீர் ஓரத்தில் ஸ்டாண்டில் நின்ற என் மைக் சாய்கிறது. "ஐயோ, சார் மைக்கு" என்கிறாள். அதற்கடுத்து ஒரு சின்னச் சத்தம். ஹெட்போனைக் கழற்றி ரெக்கார்டர் மேல் மெல்ல வைக்கிறாள். நீங்கள் வாங்கித் தந்தது நனையக்கூடாது என்று நினைத்திருப்பாள். பிறகு கால் தண்ணீரில் இறங்குகிற சத்தம். அவள் கத்தவில்லை. கத்தினாளா என்று நூறு தடவை கேட்டுவிட்டேன்.

ஒவ்வொரு வருஷமும் முதல் வகுப்பில் நான் ஒரு வேடிக்கை சொல்வேன். "ஏலே, உசுரு போனாலும் மைக்கு கீழ விழப்பிடாது, கேட்டியளா" என்பேன். எல்லோரும் சிரிப்பார்கள். அவளும் சிரித்தாள். முன்வரிசையில் இருந்தாள்.

கரையில் இருந்த ரெக்கார்டர் அதன் சொந்த மைக்கில் ஓடிக்கொண்டே இருந்தது. கடைசியில் என் குரல் வருகிறது. மதகில் அவளைக் கிடத்தியிருக்கிறார்கள் என்று தெரிந்தும் நான் முதலில் அங்கே போகவில்லை. அவள் சத்தம் பிடித்த மணல்திட்டுக்குப் போனேன். "லே சுஜின், இத எடுத்து வண்டியில வையி. ஒருத்தருட்டயும் சொல்லாத" என்கிறேன். நிறுத்துகிற பொத்தானை அழுத்தும்போதுதான் அது ஓடிக்கொண்டிருப்பதே எனக்குத் தெரிந்தது.

படத்தின் முடிவில் நீங்கள் கேட்ட ஆறு, பத்தரை மணிக்கு ஓடிய ஆறு. எத்தனையோ சத்தம் மாற்றி வைத்துப் பார்த்தேன், எதுவும் பொருந்தவில்லை. இதை வைத்ததும் காட்சி பொருந்தி நின்றது. நல்லதா கெட்டதா என்று யோசிக்கவில்லை, நன்றாக இருக்கிறது என்று மட்டும்தான் அப்போது தோன்றியது. அதைத்தான் என்னால் சகிக்க முடியவில்லை.

விழாவிலிருந்து படத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். வேலையை விடவா என்று யோசிக்கிறேன். நீங்கள் என்ன சொன்னாலும் செய்கிறேன். ஒரே ஒரு தடவை என்னை மன்னித்ததாக எழுதுங்கள்.

குமரகுருபரன்


விக்கிரமசிங்கபுரம்
2.6.2025

குமரகுருபரனுக்கு,

பொட்டலம் வந்தது. அவள் அம்மாவும் நானும் சேர்ந்து ஆரம்பத்தைக் கேட்டோம்.

"ஆறு எட்டு இருபத்து நாலு, செவ்வாக்கிழமை. காலையில ஒம்பது அஞ்சு. ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுக்குக் கீழ. குமரகுருபரன் சார் படத்துக்கு ஆத்துச் சத்தம், முப்பது நிமிஷம். பிடிக்கது கிறிஸ்டி இஸ்ரவேல். யாரும் பேசாதீங்க."

அதைச் சொல்லிவிட்டுத் தனக்குள் சிரிக்கிறாள். "இங்கன யாரு இருக்கா பேசுததுக்கு" என்கிறாள். அதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அவள் அம்மா அந்த இடம் மட்டும் போதும் என்று திரும்பத் திரும்பப் போடச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் சபைப் போதகர் ஐயரிடம் அனுமதி வாங்கி, சபை கலைவதற்குள் அதை மைக்கில் போட்டோம். இரண்டு பெண்கள் மட்டும் அவள் அம்மாவின் கையைப் பிடித்தார்கள். அவர்களும் அவளைப் பற்றிப் பேசியவர்கள்தான்.

மீதியை நான் தனியாகக் கேட்டேன். கடிகாரத்தையும் ஒரு தாளையும் வைத்துக்கொண்டு முழுக்கக் கேட்டேன். எனக்குத் தெரிந்த வேலை அதுதான். 9.05 உள்ளே. 9.27 தண்ணீரில் இறங்கியது. 10.00, நீங்கள் பாளையங்கோட்டையில் அவள் பெயருக்கு நேரே கோடு போடுகிற நேரம், இங்கே ஒரு மீன்கொத்தி கத்துகிறது. 10.30, உங்கள் படத்தின் முடிவு. 11.40, தூரத்தில் ஆட்கள் கூப்பிடும் சத்தம். 12.52, நீங்கள். ஒன்பது இருபத்தேழிலிருந்து உங்கள் குரல் வரும் வரை அந்த மணல்திட்டுக்கு ஒருவரும் வரவில்லை. என் மகளுக்குக் காவல் இருந்தது அந்த மிஷின் மட்டும்தான்.

போன வாரம் ஹமீது பீவியைத் தேடி மேலப்பாளையம் போனேன். ஷேக் மைதீன் இறந்து ஆறு வருஷம் ஆகிறது. நான் செய்ததைச் சொன்னேன். அவள், "இத முன்னயே சொல்லப்பிடாதா? அன்னைக்கு வேலைக்குத்தான் போனேன்னு அவுக சத்தியம் பண்ணுனாக. புஸ்தகத்துல இல்லன்னு நீங்க சொன்னதத்தான் நான் நம்புனேன். மில்லுக்குள்ள நுழையுததுக்கு முந்தி எங்க சுத்துனிய, யாரு வீட்டுக்குப் போனியன்னு அவுக சாகுத வரைக்கும் கேட்டுக்கிட்டே இருந்தேன்" என்றாள். மிஷினில் போனது அவன் கை மட்டும் என்று இருபத்தேழு வருஷமாக நினைத்திருந்தேன். மன்னிப்புக் கேட்டேன். அவள் டீ கொடுத்தாள். மன்னிப்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஆகவே அதை என்னிடம் கேட்காதீர்கள். கொடுக்க என்னிடம் இல்லை.

வேலையை விடுவதும் படத்தைத் திரும்பப் பெறுவதும் உங்கள் பாடு. அவை எதுவும் அவள் கணக்கில் சேராது. செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. வருகிற வெள்ளிக்கிழமை, ஆறாம் தேதி, காலை பத்து மணிக்குக் காவல் நிலையத்துக்கு வாருங்கள். உங்கள் ஜனவரிக் கடிதமும் இந்தப் பதிவும் என்னிடம் இருக்கும். நீங்கள் பதிவேட்டின் அந்தப் பக்கத்தைக் கொண்டு வர வேண்டும். அந்த ஏயை அழிக்காதீர்கள், வெள்ளை பூசாதீர்கள். திருத்துவதற்கு முறை உண்டு. பழையது தெரியும்படி குறுக்கே ஒரே கோடு, பக்கத்தில் சரியான விவரம், கீழே திருத்தியவர் கையெழுத்து, தேதி. அன்று முதல் பாடவேளையில் அவள் எங்கே இருந்தாள் என்று உங்கள் கையால் எழுதுங்கள்.

அவள் அம்மாவும் வருகிறாள். சுஜினும் வருகிறேன் என்றிருக்கிறான். நான் ஒன்பதே முக்காலுக்கே அங்கே இருப்பேன். நீங்கள் தாமதமானால் காத்திருப்பேன். வராவிட்டால் அதையும் குறித்துக்கொண்டு உள்ளே போவேன்.

இஸ்ரவேல்